ராம்சே என்பது அம்மா வழிப் பெயர்

ஜூன் 11, 2024, செவ்வாய். லண்டன்

லண்டனில் எல்லாரும் முதலில் போகும் இடங்களை விட்டுவிட்டு, காலையில் ஹோபர்ன் ஸ்டேஷனில் இறங்கி நேராக லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் என்ற பூங்காவுக்குப் போனேன். ஜூன் மாதம் என்று நம்பி ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன், பெட்டி விடுதியில். பதின்மூன்று டிகிரி. நம் ஊர் மார்கழி விடியற்காலையைவிட மோசம்.

பூங்காவின் வடக்குப் பக்கம் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. ஒரு பெண் முழந்தாளிட்டு இரண்டு கைகளையும் விரித்திருக்கிறார், அவரைச் சுற்றி ஒன்பது குழந்தைகள். மார்கரெட் மக்டொனால்டு. 1911இல் இறந்தபோது அவருக்கு வயது 41. பின்னால் பிரிட்டனின் முதல் லேபர் (தொழிலாளர் கட்சி) பிரதமர் ஆன ராம்சே மக்டொனால்டின் மனைவி. இருவரும் குடியிருந்தது இதே சதுக்கத்தில், 3ஆம் எண் வீட்டில். 1900 பிப்ரவரியில் தொழிற்சங்கங்களும் சோஷலிஸ்டுகளும் கூடி ஒரு கமிட்டியைத் தொடங்கி, ராம்சேயைச் செயலாளர் ஆக்கினார்கள். கமிட்டிக்கென்று தனி ஆபீஸ் கிடையாது, இவர்கள் வீடுதான் ஆபீஸ். குழந்தைகள் ஒரு பக்கம் விளையாட, இன்னொரு பக்கம் கட்சிக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்த வீடு அது. அந்தக் கமிட்டிதான் 1906இல் 29 எம்.பி.க்களோடு லேபர் கட்சியாக எழுந்தது.

இந்த ராம்சேயைத் தேடி நான் ஏன் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மதுராந்தகம் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு படம் உண்டு. ஒன்று அம்பேத்கர், இன்னொன்று தலைப்பாகையோடு இரட்டைமலை சீனிவாசன். சீனிவாசன் பிறந்த கோழியாளம் எங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. அப்பா வாத்தியாராக இருந்தவர். 1930இல் லண்டனில் நடந்த வட்டமேசை மாநாட்டைப் பாடம் நடத்தும்போதெல்லாம், "அந்த மேசையில் நம்ம ஆள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தாங்க, சரி. தலைமை இடத்தில் யார் உட்கார்ந்திருந்தது தெரியுமா? வேலைக்காரம்மா பெற்ற பிள்ளை" என்று நிறுத்திவிட்டு வகுப்பை ஒரு சுற்றுப் பார்ப்பார். நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது அப்பாவுக்கு 83 வயது. தங்கையைப் பார்க்க ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்குப் போகிறேன் என்றதும் மேப்பை எடுத்துவரச் சொல்லி, "அங்கிருந்து லாசிமவுத் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். மக்டொனால்டு பிறந்த ஊர் அது. அவ்வளவுதான், டிக்கெட்டில் நான்கு நாள் கூடியது.

சிலையின் கீழே உட்கார்வதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஒரு இளைஞர் அங்கே உட்கார்ந்து டப்பாவிலிருந்து சாலட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எழுத்துகளைப் படிக்கக் குனிந்ததும் "சாரி, சாரி" என்று டப்பாவோடு தள்ளி உட்கார்ந்து, அவரும் சேர்ந்து படித்தார். தினமும் இங்கேதான் சாப்பிடுகிறாராம், யாருடைய சிலை என்று இன்றுதான் பார்த்தாராம். ஜூலை 4 தேர்தலில் லேபருக்குத்தான் ஓட்டுப் போடப் போவதாகச் சொன்னார். அந்தக் கட்சியின் முதல் ஆபீஸ் எதிரே அந்த வீட்டில்தான் இருந்தது என்று காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் ஒரு முட்டை சாண்ட்விச், நாலரை பவுண்டு. ரூபாயில் கணக்குப் போடக்கூடாது என்று தங்கை சொல்லியிருந்தாள். போட்டுவிட்டேன்.

ஜூன் 12, புதன். ரயில், அபர்டீன்

ஏழு மணி நேர ரயில். டர்ஹமில் மேம்பாலத்திலிருந்து கதீட்ரல் தெரிந்தது. அந்தப் பக்கத்து நிலக்கரி ஊரான சீஹம்தான் மக்டொனால்டை 1929இல் ஜெயிக்க வைத்தது, 1935இல் தோற்கடித்ததும் அதே ஊர்தான். பெர்விக் தாண்டியதும் வலதுபக்கம் கடல் வந்துவிடுகிறது. நூலாகத் தூறல்.

தங்கை வீட்டில் மிளகு ரசம், அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட பாஷையில் மருமகன் என்னை "ஃபிட் லைக்?" என்று கேட்டான். இந்தப் பக்கத்தில் சௌக்கியமா என்பதற்கு அப்படித்தான் கேட்பார்களாம். "லாசிமவுத்திலே போய் இதைச் சொல்லுங்க மாமா, சந்தோஷப்படுவாங்க" என்றான். தங்கைக்கு மட்டும் கவலை. "அண்ணா, அங்கே ஒண்ணுமே இல்லை, கடலும் காத்தும்தான். ரெண்டு நாள் என்ன பண்ணப் போறீங்க?"

ஜூன் 13, வியாழன். லாசிமவுத்

காலையில் ரயிலடியில் பட்டரி வாங்கினேன். தட்டையாக, உப்புக் கரிக்க, கையெல்லாம் எண்ணெய் ஒட்டும் ஒரு ரொட்டி, வடகிழக்கு ஸ்காட்லாந்தின் பழைய பலகாரம். கடலுக்குப் போகும் மீனவர்கள் எடுத்துப் போனது என்கிறார்கள். சூடாகத் தின்றால் நம் பரோட்டாவின் உள்மடிப்பு மாதிரி இருக்கிறது, ஆறினால் முடியாது.

ரயில் எல்ஜின் வரைக்கும்தான். லாசிமவுத்துக்குப் போன ரயில் பாதையை 1964இல் மூடிவிட்டார்கள், ஒன்பது கிலோமீட்டருக்கு இப்போது பஸ்தான். அந்த பஸ்தான் இன்று வரவில்லை. போனில் வரும் என்று காட்டியது, நேரம் தாண்டியதும் அந்த வரியே மறைந்துபோனது. அடுத்ததும் அப்படியே. மழை பக்கவாட்டில் அடிக்கிற ஊரில் நிழற்குடையால் ஒரு பயனும் இல்லை, கணுக்கால் வரை நனைந்துவிட்டேன். ஒரு மணி நேரம் தாண்டிய பிறகு, சாமான் வாங்கிக்கொண்டு போன ஒரு வயதான தம்பதி காரை நிறுத்தி "லாசியா?" என்று கேட்டார்கள். இங்கே யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை.

பின்சீட்டில் பைகளை ஒதுக்கி இடம் போட்டார்கள். அந்த அம்மா ஒரு காகிதப் பொட்டலத்தைப் பின்னால் நீட்டினார். டேப்லெட் என்று ஒரு இனிப்பு, சர்க்கரை, வெண்ணெய், பால் மூன்றையும் காய்ச்சிக் கட்டியாக்கியது. பால்கோவாவை அடுப்பில் ரொம்ப நேரம் விட்டுவிட்டால் விளிம்பில் நறநறவென்று கட்டுமே, அந்த ருசி. எதற்காக வந்தேன் என்று சொன்னதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவ்வளவு தூரத்திலிருந்து ராம்சே மக்டொனால்டுக்காகவா?" என்றார் அவர். அப்புறம் நான் எங்கே தங்குகிறேன் என்று கேட்டு, வாசல் வரை கொண்டுபோய் விட்டார்கள். காசு பற்றிப் பேச்செடுக்கவே விடவில்லை.

நான் தங்குவது ஒரு வீட்டின் மாடி அறை, காலை உணவோடு ஒரு இரவுக்கு 70 பவுண்டு. வீட்டுக்கார அம்மா என் ஷூவைக் கழற்ற வைத்து உள்ளே செய்தித்தாளைத் திணித்து, வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரோரம் சாய்த்து வைத்தார். அதற்குள் மழை விட்டிருந்தது. இங்கே இருட்ட இரவு பத்தரை ஆகும், அதனால் அவருடைய மகனின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிரிகரி பிளேஸ் தேடிப் போனேன்.

சின்னத் தெரு. சின்ன வீடு. சுவரில் ஒரு பலகை: முதல் லேபர் பிரதமர் பிறந்த இடம். 1866 அக்டோபர் 12. அன்று இது இரண்டே அறை கொண்ட குடிசை. பாட்டி பெல்லா ராம்சே இருந்த வீடு. அவருடைய மகள் ஆன் பண்ணை வீட்டில் வேலைக்காரி, அதே பண்ணையில் ஏர் ஓட்டியவர் ஜான் மக்டொனால்டு. கல்யாணம் நடக்கவில்லை. பிள்ளையைப் பதிவு செய்தபோது ஜேம்ஸ் மக்டொனால்டு ராம்சே என்று எழுதினார்கள், அதாவது அம்மா வீட்டுப் பெயரைக் கடைசியில் வைத்து. வளர்ந்த பிறகு அவர் ஜேம்ஸ் ராம்சே மக்டொனால்டு ஆனார். அம்மாவின் பெயரை நடுவில் வைத்துக்கொண்டார், கடைசியில் உலகமே அவரை அந்த நடுப்பெயரால்தான் கூப்பிட்டது.

இனிஷியல் போடுகிற ஊரிலிருந்து வந்தவனுக்கு இது லேசான விஷயமாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதும்போது "அப்பா பேர் என்ன?" என்று கேட்டு, பதில் வராத பிள்ளையை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி வைத்த வாத்தியாரை நான் பார்த்திருக்கிறேன் (என் அப்பா அல்ல, வேறொருவர்). அந்தப் பையன் இரண்டாவது வாரம் பள்ளிக்கு வரவில்லை. தெருவில் நின்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

ராத்திரி கல்லன் ஸ்கிங்க். கல்லன் என்பது இதே கரையில் கொஞ்சம் கிழக்கே இருக்கும் ஊர். புகை போட்ட ஹாடக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால். மிளகாயே தொடாத ஒரு கஞ்சி எனக்குப் பிடிக்கும் என்று நினைக்கவில்லை, கிண்ணத்தை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டேன். ஏழரை பவுண்டு. கடலில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது, இவர்கள் அதை ஹார் என்கிறார்கள். முதலில் கலங்கரை விளக்கம் போயிற்று, அப்புறம் மணல் மேடு, அப்புறம் எதிர்வீட்டுப் புகைபோக்கி.

ஜூன் 14, வெள்ளி. லாசிமவுத்

காலையில் ஓட்ஸ் கஞ்சி, உப்புப் போட்டது. லண்டனில் வேலையில்லாமல் அலைந்த நாட்களில் மக்டொனால்டுக்கு ஊரிலிருந்து ஓட்ஸ் மாவு வரும், அதற்கு அவர் காசு அனுப்பிவிடுவார். டீ வாங்கக் கட்டாது, வெந்நீர் குடித்தார். 18 வயது வரை டிரேனி பள்ளியில் படித்து, அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர், 1885இல் பிரிஸ்டல், அடுத்த வருஷம் லண்டன். விஞ்ஞானியாக வேண்டும் என்று ராத்திரியெல்லாம் படித்து, பரீட்சை நெருங்கும்போது உடம்பு படுத்துவிட்டது. அந்த ஒரு பரீட்சை எழுதியிருந்தால் ஏதோ ஒரு கல்லூரியில் வாத்தியாராக இருந்திருப்பார். கஞ்சியின் மேல் பால் ஊற்றிய வீட்டுக்கார அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று இன்னொரு கரண்டி வைத்தார்.

துறைமுகத்தை ஒட்டி மீன்பிடி மியூசியம். ஊர்க்காரர்களே முறைபோட்டு நடத்துகிறார்கள். கீழே முழுக்கப் படகுகள். 1879இல் இந்த ஊரில்தான் ஜூலு என்ற பாய்மரப் படகை முதன்முதலில் கட்டினார்கள், ஹெர்ரிங் மீன் பிடிக்க. அந்த வருஷம் தென்னாப்பிரிக்காவில் ஜூலுக்களோடு நடந்த சண்டையின் பெயர் படகுக்கு ஒட்டிக்கொண்டது. இதெல்லாம் தாண்டிப் போனால் ராம்சே மக்டொனால்டின் படிப்பறையை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள். மேசை, நாற்காலி, புத்தகங்கள்.

சின்ன அறை. நான் ரொம்ப நேரம் நின்றேன். ஏன் என்றால், எந்தச் சமூகத்துக்குச் சட்டசபையில் எத்தனை இடம் என்று 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு இந்த மனிதரின் பெயரில் வந்தது. வட்டமேசையில் நம் தலைவர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொள்ள முடியாமல் போனபோது, தீர்மானம் பிரதமரின் கைக்குப் போயிற்று. அம்பேத்கரும் சீனிவாசனும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருந்தார்கள். தீர்ப்பில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு ஓட்டு: பொதுத் தொகுதியில் ஒன்று, தங்கள் ஆளைத் தாங்களே தேர்ந்தெடுக்க ஒன்று. அந்தத் தனி ஓட்டை எதிர்த்து எரவாடா சிறையில் காந்தி செப்டம்பர் 20 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார், 24 அன்று பூனாவில் ஒப்பந்தம். இரண்டாவது ஓட்டுப் போயிற்று. பதிலுக்குத் தனித்தொகுதிகள், மொத்தம் 148, அதில் சென்னை மாகாணத்துக்கு 30. எண்ணிக்கை கூடியது என்று புத்தகங்கள் எழுதும். எங்கள் வீட்டில் அந்த நான்கு நாளைப் பற்றிப் பேசும்போது அப்பாவின் குரல் இன்றும் கனத்துவிடும். "கையில் வந்ததைப் பிடுங்கிட்டாங்கடா."

பிரித்தாளும் சூழ்ச்சி என்று அந்தத் தீர்ப்பைச் சொல்பவர்கள் உண்டு. பிரிட்டிஷ் அரசுக்குத் தன் கணக்கு இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழை வைத்து ஒரு மனிதனை எவ்வளவு தூரம் அடிக்க முடியும் என்று தன் உடம்பில் தெரிந்த ஒருவர் கையெழுத்துப் போட்ட காகிதம் அது. எனக்கு அது முக்கியம்.

அந்த அடி விழுந்தது 1915இல். முதல் உலகப் போரை எதிர்த்து 1914 ஆகஸ்டில் கட்சித் தலைமையை விட்டு விலகினார். போரை ஆதரித்துக் கூச்சல் போட்ட ஜான் புல் என்ற வாரப் பத்திரிகை, ஹொரேஷியோ பாட்டம்லி என்பவருடையது, இவருடைய பிறப்புச் சான்றிதழை நகலெடுத்து அச்சிட்டது. தகப்பன் பெயர் தெரியாதவன், பெயரை மாற்றிக்கொண்டு திரிகிறவன் என்று. தான் ராம்சே என்று பதிவானதே அன்று வரை தனக்குத் தெரியாது என்று டைரியில் எழுதினார். நல்லவேளை அம்மா உயிரோடு இல்லை, இருந்திருந்தால் இதுவே அவரைக் கொன்றிருக்கும் என்றும் எழுதினார். பாட்டம்லி 1922இல் மோசடி வழக்கில் ஜெயிலுக்குப் போனார். அதனால் இவருக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை.

மியூசியத்தில் இருந்த பெரியவர் ரிட்டயரான மீனவர், கைவிரல்கள் இரண்டு மடங்கவில்லை. "ஃபிட் லைக்?" என்று கேட்டேன், முகமெல்லாம் சிரித்தார். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவருடைய தாத்தா லேபர் கட்சிக்காரராம், 1931க்கு அப்புறம் சாகும்வரை வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல விடவில்லையாம். பாட்டி மட்டும் தாத்தா இல்லாதபோது "எங்க ஊர்ப் பிள்ளை" என்பாராம்.

தாத்தாவின் கோபம் நியாயமானது. 1929இல் இரண்டாவது முறை பிரதமர் ஆன மக்டொனால்டின் முன்னால் உலகப் பொருளாதாரச் சரிவு வந்து நின்றது. வேலையில்லாதவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையைப் பத்து சதவீதம் வெட்ட வேண்டும் என்றார்கள் பணக் கணக்குப் பார்ப்பவர்கள். மந்திரிசபை இரண்டாகப் பிளந்தது. அரசரிடம் ராஜினாமா கடிதத்தோடு போனவர், 1931 ஆகஸ்ட் 24 அன்று கன்சர்வேடிவ், லிபரல் கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு மறுபடி பிரதமராகவே வெளியே வந்தார். கட்சி அவரை நீக்கியது. அக்டோபர் தேர்தலில் 1929இல் 287 இடம் வைத்திருந்த லேபர் 52க்கு இறங்கியது. வெந்நீரைக் குடித்துப் பசியை அடக்கியவர் வேலையில்லாதவனின் பணத்தில் கைவைக்க ஒப்புக்கொண்டிருக்கக்கூடாது. இதை அவரை மதிக்கிற நானே சொல்கிறேன். ஆனால் அதற்காக 1900இலிருந்து கட்சியைக் கட்டி எழுப்பிய முப்பது வருஷத்தையும் துடைத்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. 1924இல் முதல் முறை பதவி ஏற்றதன் நூறாவது வருஷம் இது. தேர்தல் நேரம் வேறு. கட்சி ஜெயிக்கப் போகிறது என்று டிவியில் எல்லாரும் சொல்கிறார்கள், இரண்டு நாளாகப் பார்க்கிறேன், ஒருவர் வாயிலும் இவர் பெயர் வரவில்லை.

பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் எதிர்த்துப் பேசவில்லை. "தாத்தா சொன்னதும் சரி, பாட்டி சொன்னதும் சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, டீ போட்டு டைஜெஸ்டிவ் பிஸ்கட் கொடுத்தார். இந்த பிஸ்கட்டுக்கும் கதை உண்டு. இதை உருவாக்கிய அலெக்சாண்டர் கிராண்ட் பக்கத்து ஃபாரஸ் ஊர்க்காரர், மக்டொனால்டின் நண்பர். 1924இல் பிரதமருக்கு ஒரு டெய்ம்லர் காரும் அதைப் பராமரிக்கத் தன் கம்பெனிப் பங்குகளும் கொடுத்தார். அப்போது பிரதமருக்கு அரசாங்கக் கார் கிடையாது, டவுனிங் தெரு வீட்டுக்குப் பாத்திரம் பண்டம்கூடச் சொந்தக் காசில்தான், அதையெல்லாம் மகள் இஷ்பெல்தான் வாங்கிப் போட்டார். சில மாதத்தில் கிராண்டுக்குப் பட்டம் வந்ததும் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. தேசிய நூலகத்துக்கு ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தவர் அவர், பட்டம் அதற்காகத்தான் இருக்கலாம். ஆனாலும் அந்தக் காரை வாங்கியிருக்கக்கூடாது. பணம் இல்லாத வீட்டில் பிறந்தவன் பொதுவாழ்வுக்கு வந்தால் இந்த இடத்தில்தான் வழுக்குகிறது, நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம்.

மதியம் மேற்குக் கடற்கரை. கடலுக்கும் ஊருக்கும் நடுவே கோல்ஃப் மைதானம், மோரே கோல்ஃப் கிளப்புடையது. மக்டொனால்டு இங்கே உறுப்பினர். போரை எதிர்த்ததால் கிளப்பின் பெயர் கெடுகிறது என்று 1916இல் ஓட்டெடுத்து வெளியேற்றினார்கள். பிரதமராகிப் பல வருஷம் கழித்துத் தீர்மானத்தை வாபஸ் வாங்கினார்கள், அவர் திரும்ப அங்கே ஆடவில்லை. அம்மாவுக்காக 1909இல் கட்டிய ஹில்லாக்ஸ் வீடும் இதே ஊரில்தான், விடுமுறைக்கு ஒவ்வொரு முறையும் அங்கே வருவார். அதாவது தன்னை வெளியே தள்ளிய மைதானம் இருக்கும் ஊருக்கே வந்து வந்து போனார். அம்மா அந்த வீட்டில் அதிக நாள் இருக்கவில்லை. 1910 பிப்ரவரியில் மகன் டேவிட் டிப்தீரியாவில் போனான், எட்டு நாள் கழித்து அம்மா, அடுத்த வருஷம் மனைவி. இரண்டு வருஷத்துக்குள் மூன்று பேர்.

நடந்துகொண்டிருக்கும்போது தலைக்கு மேல் இரண்டு போர் விமானங்கள் கிளம்பின. ஊரை ஒட்டியே விமானப்படைத் தளம். சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டேன். நாயோடு வந்த ஒரு பெண் என் தோளைத் தொட்டு, "முதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தான்" என்றார்.

இரவு எட்டு மணிக்கு ஸ்காட்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் கால்பந்து, யூரோ கோப்பையின் முதல் ஆட்டம். மீன் வறுவலும் சிப்ஸும் பதினோரு பவுண்டுக்கு வாங்கி, பப்பில் ஒரு மூலையில் நின்றேன். கட்டம் போட்ட பாவாடை அணிந்த ஆண்கள், முகத்தில் நீலம் பூசிய குழந்தைகள். இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கி, ஒரு ஆளும் சிவப்பு அட்டையில் போய்விட்டார். கடைசியில் 5–1. அந்த ஒன்றும் ஜெர்மன்காரரே தன் வலைக்குள் போட்டுக்கொடுத்தது, அதற்குக் கூரை அதிர்ந்தது. முடிந்ததும் ஒருவர் என்னிடம் வந்து, இவ்வளவு தூரம் வந்து இதைப் பார்க்க வேண்டியதாயிற்றே என்று வருத்தப்பட்டுக் கைகொடுத்துவிட்டுப் போனார். வெளியே வந்தபோதும் வெளிச்சம் இருந்தது.

ஜூன் 15, சனி. ஸ்பைனி

ஷூ காய்ந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா 140 பவுண்டுக்கு ரசீது எழுதி, கூடவே டேப்லெட் பொட்டலம் ஒன்றும் கொடுத்தார். பஸ் இன்று சரியாக வந்தது. எல்ஜின் போகும் வழியில், ஸ்பைனி திருப்பத்தில் இறக்கிவிடும்படி டிரைவரிடம் கேட்டேன். "கல்லறைக்கா?" என்றார், கேட்காமலே தெரிந்திருக்கிறது.

மரங்கள் சூழ்ந்த மேட்டில் சின்னக் கல்லறைத் தோட்டம், தூரத்தில் பழைய பிஷப் மாளிகையின் இடிந்த கோபுரம். யாருமில்லை. ஈரப்புல் முழங்கால் வரை நனைத்தது, காய்ந்த ஷூ மறுபடி போச்சு.

1937இல் உடம்பு தேறட்டும் என்று கடைசி மகள் ஷீலாவோடு தென்னமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். நவம்பர் 9, நடுக்கடலில் கப்பலிலேயே உயிர் போயிற்று. உடலை பெர்முடா வழியாகத் திரும்பக் கொண்டுவந்து, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் சடங்கு நடத்தினார்கள். அரசர்களும் கவிஞர்களும் கிடக்கிற இடத்தில் அவர் தங்கவில்லை. சாம்பல் இங்கே வந்து மார்கரெட் பக்கத்தில் போனது. இருபத்தாறு வருஷம் அவர் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை.

கல்லை நெருங்கிப் பார்த்தேன். மஞ்சளும் சாம்பலுமாகப் பாசி வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தது, விரலால் தொட்டால் காய்ந்த தோசை விளிம்பு மாதிரி மொறுமொறுப்பு. எழுத்தின் பள்ளங்களில் மழைத்தண்ணீர் நின்றது. யாரோ ஒரு ஜாடியில் பூ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பழசில்லை, இரண்டு மூன்று நாள் இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு ஏதோ நிம்மதி.

அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். ஊரில் சாயங்காலம், பின்னால் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சிக்னல் விட்டு விட்டு வந்தது. போனைக் கல்லுக்கு நேராகப் பிடித்தேன்.

"ஆட்டாதடா. கண்ணு தெரியல, நீயே படி."

பெயரை மெதுவாகப் படித்தேன்.

"ராம்சே இருக்குதா?"

"இருக்குதுப்பா."

"அது அவங்க அம்மா பேரு."

"தெரியும்ப்பா."

"பூ யார் வச்சது?"

தெரியவில்லை என்றேன். அதற்குள் படம் உறைந்துவிட்டது, அப்பா கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக் குனிந்து பார்க்கிற மாதிரியே நின்றது. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தேன். மழை மறுபடி ஆரம்பித்தது. டேப்லெட் பொட்டலத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு இறங்கினேன். எல்ஜின் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.